நாரி நோவுக்குக் கைரோபிராக்டரிடம் போகுமுன்

மட்டக்களப்பு கல்லடியில் ஓட்டோ ஓடுகிறேன். எங்கள் ஸ்டாண்டில் நாரி நோ (அடிமுதுகு வலி) இல்லாத ஆள் இல்லை. நான் கொழும்பில் கைரோபிராக்டிக், அதாவது முதுகு, கழுத்து மூட்டுகளைக் கையால் தள்ளிச் செய்கிற வைத்தியம், செய்துகொண்டவன் என்று தெரிந்ததிலிருந்து ஏறுகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, முறிச்சு விடுவாங்களாமே, நோகாதா?"

முறிப்பதில்லை. மூட்டைப் போகக்கூடிய அளவுக்குத் திருப்பி, சட்டென்று சின்னதாய் ஒரு தள்ளு. 'டக்' என்று கேட்பது மூட்டு நீருக்குள் வாயுக்குமிழ் உண்டாகிற சத்தம். விலகின எலும்பு மறுகா வந்து பொருந்தின சத்தமில்லை. சத்தம் வராவிட்டால் காசு வீண் என்றும் இல்லை.

முதல் நாளில் பார்க்க வேண்டியது கேள்விகளைத்தான். நோ காலுக்கு இறங்குகிறதா, எங்கேயும் விழுந்தீர்களா, என்ன குளிசை போடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். கைரோபிராக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்காமல் உயர்த்திப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, அதைத் தன் விரலால் அமத்திப் பிடித்தார். நரம்பு நெரிபடுகிறதா என்று பிடிபடுவது இப்படித்தான். ஒன்றும் விசாரிக்காமல் ஒருவர் கழுத்தில் கை வைத்தால் எழும்பி வந்துவிடுங்கள். கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது, அரிதாகத்தான், இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். "கழுத்து வேண்டாம்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

கிளினிக் கொப்பியும் பழைய எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுகிறவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், புற்றுநோய் வந்தவர்கள், பிள்ளைத்தாச்சிகள் அதை முதலே சொல்லிவிட வேண்டும். மூத்திரம் போக முடியாவிட்டாலோ, குந்துகிற பின்பக்கம் மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ கொழும்பு நினைப்பே வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போங்கள். அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு அங்கேயே பொது வைத்தியசாலை இருக்கிறது.

கொழும்புப் பயணத்துக்கு பஸ்ஸை விட உதயதேவி ரயில் நல்லது, நினைத்த நேரம் எழும்பி நடக்கலாம். செய்துகொண்ட அன்றே திரும்ப வேண்டாம். ஒன்றிரண்டு நாள் உடம்பு உளையும், அது வழக்கம்.

நாரி நோவுக்கு இதில் கிடைக்கிற சுகம் பிசியோதெரபியில் கிடைப்பதை விடப் பெரிதில்லை. அது நம்ம ஆஸ்பத்திரியிலேயே காசில்லாமல் இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். இழுப்புக்கும் (ஆஸ்துமா) இது சரிவரும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள், அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மாதக்கணக்குக்கு முன்பணம் கட்டச் சொன்னாலும் கட்டாதீர்கள். சில தடவை போய்ப் பார்த்து, குனிந்து செருப்புப் போடுவதாவது லேசாகியிருந்தால் மிச்சத்தைப் பேசலாம்.