ஜன்னலை மட்டும் அளந்தால் போதாது: திரைச்சீலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கம் புது வீடு கட்டுபவர்கள் தேக்குக் கதவுக்காக அலைவார்கள். டைல்ஸுக்குக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். ஸ்கிரீனை மட்டும் பால்காய்ப்புக்கு நாலு நாள் இருக்கும்போது ஜன்னல் அளவைச் சொல்லி ரெடிமேடாக வாங்கிவிடுவார்கள். குடிவந்த பிறகு ஹால் ஒரு பக்கம் கனத்தும் கூரை தாழ்ந்தும் தெரிகிறதென்றால், பெரும்பாலும் அந்த அளவுதான் காரணம். ஜன்னலோடு, அது இருக்கிற சுவரையும் முழுசாக அளக்க வேண்டும்.

முதல் தவறு கம்பியின் உயரம். நம் வீடுகளில் கதவும் ஜன்னலும் பொதுவாக 7 அடியில், லிண்டல் என்கிற கான்கிரீட் பட்டைக்குக் கீழே முடியும். கூரை 10 அடி. கம்பியை ஜன்னல் சட்டத்தை ஒட்டி அடித்தால் மேலே 3 அடி வெறும் சுவராக நிற்கும், பார்வை 7 அடியோடு நின்றுவிடும். எட்டரை அடியில் அடித்துப் பாருங்கள், கூரையே உயர்ந்தது போல இருக்கும். அந்த உயரத்தில் லிண்டல் கான்கிரீட்டைத் தாண்டிச் செங்கலுக்கு வந்துவிடுவதால் துளை போடவும் எளிது. ஹாலிலிருந்து அடுக்களைக்குப் போகும் வாசலுக்கு ஸ்கிரீன் உண்டென்றால் அந்தக் கம்பியும் இதே மட்டத்தில் ஓடட்டும். ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தால் சுவரே கோணலாகத் தெரியும்.

அடுத்தது நீளம். ரெடிமேடாகக் கிடைப்பவை பெரும்பாலும் 5, 7, 9 அடி. எட்டரை அடிக் கம்பியில் 7 அடித் துணி, கணுக்காலுக்கு மேலே ஏறிய வேட்டி மாதிரி நிற்கும். 9 அடி வாங்கித் தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்கும்படி மடித்துத் தைத்துக்கொள்வதுதான் சரி. தினமும் கூட்டித் துடைக்கிற நம் வீடுகளுக்குத் தரையில் புரளும் துணி ஒத்துவராது. பருத்தி என்றால் தைப்பதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காயப்போடுங்கள். 5 சதவீதம் சுருங்கினாலும் 9 அடியில் 5 அங்குலத்துக்கு மேல் போய்விடும்.

அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. 4 அடி ஜன்னலுக்கு இருபுறமும் ஓரடி தள்ளி 6 அடிக் கம்பி போடுங்கள். துணி கம்பியின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். தலா 4 அடி அகலத்தில் இரண்டு துணி மாட்டினால் மடிப்பு சரியாக விழாது. மூன்று மாட்டினால் ஒரு பக்கம் கனக்கும். பக்கத்துக்கு இரண்டாக நாலு வாங்குங்கள்.

மூலை ஜன்னல்தான் நிறையப் பேரைக் குழப்புகிறது. ஒரு பக்கம் தாராளமாகச் சுவர், மறுபக்கம் ஒரு சாண்கூட இல்லை. அங்கே வழக்கம்போல இரண்டாகப் பிரித்து மாட்டினால் மூலைப் பக்கத் துணி ஒதுங்க இடமில்லாமல் கண்ணாடியையே மறைக்கும். எல்லாத் துணியையும் சுவர் உள்ள பக்கமாகவே ஒதுக்குங்கள். கம்பியை அந்தப் பக்கம் ஒன்றரை அடி நீட்டினால் ஜன்னல் சுவரின் நடுப்பக்கம் நகர்ந்தது போலத் தோன்றும், காலியாகக் கிடந்த இடமும் நிறையும். படுக்கையறையில் ஜன்னலுக்கு மேலே பரண் இருந்தால் கம்பியை உயர்த்த வழியில்லை. பரணுக்கு அடியிலேயே கம்பியைச் சுவர் முழு நீளத்துக்கும் ஓடவிட்டு, துணியைத் தரைவரை இறக்கிவிடலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான். அடர்ந்த மெரூனோ பச்சையோ ஒரே சுவரில் மட்டும் இருந்தால் அறை அந்தப் பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கம் அதே நிறம் கொஞ்சமாவது வர வேண்டும். சோபா மெத்தை உறை போதும். அதே நிறத்தில் கரை போட்ட பத்தமடைப் பாயை எதிர்ச்சுவரில் மாட்டினால் இன்னும் அழகு, நம் ஊர்ச் சாமானும் கண்ணில் படும்.

நம் மேல்காற்றைக் கணக்கில் எடுக்காமலும் துணி எடுக்காதீர்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று மேற்கு ஜன்னலின் மெல்லிய துணியைத் தூக்கிக் கிரில்லில் சுற்றிவிடும். பார்த்துப் பார்த்து அமைத்த மடிப்பெல்லாம் போச்சு. மேற்குக்குக் கனமான பருத்தி போட்டு, அடிமடிப்பில் கொஞ்சம் எடை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி எனும் மணல்மேடுகளின் செம்மண்ணும் பறக்கும் என்பதால் வெள்ளை வேண்டாம், மண்நிறமே நிலைக்கும்.

இவ்வளவும் புது வீட்டுக்கு. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா (முன்கட்டு), பட்டாசல் (கூடம்), ரெண்டாங்கட்டு (அடுத்த உள்கட்டு) என்று வீடு நீளவாக்கில் போகும். பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியிருப்பதால் ஜன்னல் முன்னும் பின்னும்தான். கனத்த சுவரும் மரச்சட்டமும்தான் அங்கே அழகு. அவற்றை எட்டரை அடித் துணியால் மூடுவது பெரிய தவறு. சட்டத்துக்கு உள்ளேயே சின்னக் கம்பி போட்டு, கீழ்ப்பாதிக்கு மட்டும் கைத்தறித் துணி மாட்டினால் தெருவில் போகிறவர் பார்வை மறையும், மேல்பாதி வழியாக வெளிச்சம் ரெண்டாங்கட்டு வரை போகும்.