பழைய அம்பாசிடரா? கிரில்லை மட்டும் நம்பாதீர்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய அம்பாசிடர் விலைக்கு வந்தால், "மார்க் டூ சார், ஒரிஜினல்" என்றுதான் பேச்சே தொடங்கும். அம்பாசிடரின் இரண்டாம் மாடலாக 1962-இல் வந்த மார்க் டூவுக்குக் கட்டம் போட்ட கிரில், அதாவது முகப்பில் இருக்கும் வலைத் தட்டு. 1975-இன் மார்க் த்ரீக்குப் படுக்கைவாட்டுக் கோடுகள். 1979-இன் மார்க் ஃபோரில் கிரில்லே சிறுத்துவிட்டது. சரி, ஆனால் கிரில் என்பது ஸ்குரூவைக் கழற்றினால் கையோடு வரும் சாமான். மூஞ்சியை மாற்றி வண்டிக்கு வயது கூட்டுவது பெரிய வித்தையே இல்லை.

அதனால் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே 1.8 லிட்டர் இசுசு இன்ஜின், ஐந்து கியர் என்றால் அது 1990-களின் சமாச்சாரம். மார்க் டூவில் கம்பெனியே போட்டதாக இருக்க வாய்ப்பில்லை. கிரில் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். பழைய ஸ்குரூ ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருந்தால் பெயின்ட்டுக்கு அடியில் மேடு தட்டும். சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பிஒய்-01, டிஎன்-31 என்ற நம்பர் பலகை வண்டி எங்கே பதிவானது என்று மட்டுமே சொல்லும். கடல் காற்று ஊர் என்பதால் கால்மிதி விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஃபியட் 1100 என்றால் முன்கதவு போதும். கீல் பின்பக்கம் இருந்தால் அது 1960-களின் நடுவில் வந்த 1100டி-க்கு முந்தைய வண்டி. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நாலு கதவோடு நின்றால் சந்தேகப்பட வேண்டாம். இங்கிலாந்து ஹெரால்டு காருக்கு இரண்டு கதவுதான், நாலு கதவு வண்டி சென்னைத் தயாரிப்பு.