வெயில் தாழப் புறப்படுங்கள்: கோடையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

கனடாவிலும் இங்கிலாந்திலும் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஓகஸ்டில் வருகிறது. நல்லூர்த் திருவிழாவும் அநேகமாக அந்த நாட்களில்தான். அதனால் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் நல்ல கோடையிலேயே போய் இறங்குகின்றன. யாழ்ப்பாண நகரத்தில் ஏசி அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு நான் சொல்லப்போவது அவ்வளவாகத் தேவைப்படாது. வட்டக்கச்சி, தருமபுரம், அக்கராயன், உருத்திரபுரம் என்று கிளிநொச்சிப் பக்கத்து வயற்கிராமங்களிலோ, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்கு நடுவிலோ, சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மூன்று கிழமை தங்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஒன்றே. போய் இறங்கிய அன்றே கமக்காரரின் நேரத்துக்கு மாறிவிடுங்கள். அவர்கள் விடிவதற்கு முன் எழும்புவார்கள். ஐந்து, ஐந்தரைக்கே தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்ச் சத்தம் கேட்கும். பத்து, பத்தரைக்குள் கனமான வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்புறம் குளிப்பு, சாப்பாடு, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சின்னத் தூக்கம். நாலு மணிக்குப் பிறகுதான் மறுபடி வெளியே இறங்குவார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வெயிலில் உழைத்தவர்கள் கண்டுபிடித்த நேர அட்டவணை அது. நாமோ பதினொரு மணிக்கு வாகனம் பிடித்து, கொதிக்கிற வெயிலில் ஐந்து வீடு ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்டு, மூன்றாம் நாள் காய்ச்சலும் வயிற்றோட்டமுமாகப் படுக்கிறோம். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பழியை ஊர்மேல் போடுகிறோம்.

சரி, எந்த மாதம் எப்படி இருக்கும்? ஏப்ரல் மாதம்தான் மிகவும் கஷ்டம். அந்த மாத நடுப்பகுதியில் சூரியன் வடபகுதிக்கு நேர் உச்சியில் வரும். காற்று அடியோடு நின்றுவிடும். மரத்தில் இலை அசையாது, உடம்பில் வியர்வை காயாது. பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை பெய்தாலும், பெய்து முடிந்ததும் புழுக்கம் இன்னும் கூடும். சித்திரை வருடப்பிறப்புக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இடி கேட்டால் வயல்வெளியிலோ தனிமரத்தடியிலோ நிற்காமல் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். மே மாதம் பிந்தச் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பும். குடாநாட்டில் அது பெரிய ஆறுதல். கிளிநொச்சி இருக்கும் வன்னியின் உட்பகுதியிலோ அதே காற்று ஈரம் வற்றி, புழுதியையும் அள்ளிக்கொண்டு வெக்கையாக வரும். ஓகஸ்ட் கடைசியில் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும். செப்டெம்பரில் சோளகம் தளர, புழுக்கம் திரும்பத் தொடங்கும். தெரிவு உங்கள் கையில் இருந்தால் ஜனவரி, பெப்ரவரியில் போங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தால் அது முடியாதவர்கள் ஜூலையைத் தெரிவுசெய்யலாம்.

தொலைபேசியில் 33 பாகை என்று பார்த்துவிட்டு, 'ரொரன்ரோவிலும் கோடையில் இவ்வளவு வருமே' என்று நினைக்க வேண்டாம். கடல் சூழ்ந்த இடம் என்பதால் காற்றில் ஈரப்பதன் அதிகம். அந்த 33 பாகை உடம்புக்கு 40ஐ ஒட்டித் தெரியும். அதைவிடப் பெரிய வித்தியாசம் இரவில்தான். யாழ்ப்பாணத்தில் மே, ஜூன் இரவுகளில் வெப்பம் 27 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் பல. பகல் முழுவதும் சூடேறிய உடம்பு இரவிலும் ஆறுவதில்லை, களைப்பு நாளுக்கு நாள் சேரும். குளிர்நாட்டிலிருந்து போகும் உடம்பு அந்த வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு கிழமை எடுக்கும். ஆகவே முதல் நாலைந்து நாட்களுக்குப் பெரிய பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வளிமண்டலவியல் திணைக்களம் ஈரப்பதனையும் சேர்த்துக் கணக்கிட்டு வெப்ப எச்சரிக்கை வெளியிடுகிறது. வட மாகாணத்தின் பெயர் அதில் வந்தால் அன்றைய நண்பகல் வேலைகளைத் தள்ளிப்போடுங்கள்.

வீடுகளுக்குப் போவதை விடியக் காலை அல்லது பின்னேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உங்களுக்காக மட்டும் சொல்வதல்ல. மத்தியானம் வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த வீட்டுப் பெண்கள் காலையிலிருந்தே விறகடுப்புக்கு முன்னால் நிற்பார்கள். கோழி, நண்டு, இறால், கணவாய் என்று ஒவ்வொன்றாகச் சமைத்து வைத்துவிட்டு, நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று விசிறுவார்கள். அறுபது எழுபது வயது மாமிமாரும் சித்திமாரும் அந்த வெக்கையில் படும் பாட்டை நீங்கள் பார்க்கமாட்டீர்கள், ஏனென்றால் அவர்கள் காட்டிக்கொள்ளமாட்டார்கள். "மாமி, நாங்கள் பின்னேரம் வாறம், தேத்தண்ணி மட்டும் காணும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெளிக்கிடும்போது "இந்த வெயிலுக்க எங்க போறியள், வெயில் தாழப் போங்கோவன்" என்று யாராவது மறித்தால், உபசாரத்துக்குச் சொல்கிறார்கள் என்று எடுக்காமல் அப்படியே இருந்துவிடுங்கள்.

குடிக்கிற விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். தாகம் எடுக்கும்வரை பார்த்திருக்கக் கூடாது. சிறுநீர் கடும் மஞ்சளாக வந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடிப்பதும் சரியல்ல. உப்புப் போட்ட மோர், தேசிக்காய்த் தண்ணீர், இளநீர் மூன்றும் எந்த ஊரிலும் கிடைக்கும். பாமசிகளில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் 'ஜீவனி' உப்புக் கரைசல் பக்கற்றுகள் விற்கிறார்கள், சில பக்கற்றுகளைப் பையில் வைத்திருங்கள். விருந்தாளி வந்தால் சோடா உடைப்பது எங்கள் ஊர் வழக்கம். ஒரு நாளில் நாலு வீட்டில் நாலு சோடா குடித்தால் அத்தனையும் சீனி. சலரோகம் உள்ளவர்கள் வாசலில் ஏறும்போதே "மோர் இருக்கோ?" என்று உரிமையோடு கேளுங்கள். பெரும்பாலும் சந்தோசப்படுவார்கள்.

கிணற்றுத் தண்ணீர் இடத்துக்கு இடம் வேறுபடும். வன்னியில் பல இடங்களில் கயர்த் தன்மையும் புளோரைட்டும் கூடிய தண்ணீர். அதனால் அங்குள்ளவர்களே குடிப்பதற்குச் சுத்திகரித்த தண்ணீரைக் கான்களில் வாங்குகிறார்கள். நீங்களும் அதையே குடியுங்கள். வலிகாமத்தில் பிரச்சினை வேறு. சுண்ணக்கல் நிலத்தில் தோட்டங்களுக்குப் போடும் பசளை கீழிறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்கு மாப்பால் கரைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். போத்தல் தண்ணீரை வாங்கிக் கொதிக்கவைத்து ஆற்றிக் கரைப்பதே நல்லது. அம்மம்மா "நாங்களெல்லாம் இதைத்தானே குடிச்சு வளர்ந்தனாங்கள்" என்பார். அவர் வளர்ந்த காலத்தில் தோட்டங்களில் இவ்வளவு யூரியா போடவில்லை என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு ஊரில் குறையே இல்லை. காலையில் பழஞ்சோற்றைத் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் கரைத்துக் குடித்துப் பாருங்கள், மத்தியானம் வரை வயிறு குளிர்ந்தே இருக்கும். பிள்ளைகளுக்கும் கொடுங்கள், வீட்டிலேயே செய்ததாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. ஜூன், ஜூலையில் போனால் நுங்கு கிடைக்கும், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும். கண்டி வீதியோரம் வெள்ளரிப்பழம் குவித்து வைத்து விற்பார்கள். நன்றாகப் பழுத்து வெடித்ததை வாங்கி வந்து சீனி போட்டுச் சாப்பிடுங்கள். வெட்டி வைத்து விற்கிற பழங்களையும், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் போட்ட சர்பத்தையும் முதல் கிழமையில் தவிர்த்துவிடுங்கள். மத்தியானம் இறைச்சி, மீன் என்று வயிறு முட்டச் சாப்பிடுவதைக் குறைத்து, கனமான சாப்பாட்டை இரவுக்கு மாற்றுங்கள்.

படுக்கை எங்கே என்பதும் பெரிய கேள்வி. வெளிநாட்டுக் காசில் கட்டிய புதிய பிளாட் (கொங்கிறீற் கூரை) வீடுகள் பார்க்க வடிவு. ஆனால் பகலில் குடித்த வெயிலை அந்தக் கொங்கிறீற் சாமம் வரை அறைக்குள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மேல்மாடி அறையை உங்களுக்கென்று ஒதுக்கினால், கீழே விறாந்தையிலோ ஓட்டுவீட்டுப் பக்கத்திலோ படுக்கிறோம் என்று கேளுங்கள். வெக்கை தாங்காமல் வெறும் நிலத்தில் பாயைப் போட்டுப் படுப்பதை மட்டும் செய்ய வேண்டாம். கட்டுவிரியன் பாம்பு இரவில்தான் வீட்டுக்குள் வரும், நிலத்தில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும். கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இராது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தானாக மூடுவது, பேச்சுக் குழறுவது என்று தெரியவந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மந்திரித்துப் பார்வை பார்த்து நேரத்தைக் கடத்தக் கூடாது. கட்டிலில் படுங்கள். நுளம்பு வலையைக் கட்டி, அதன் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகிவிடுங்கள். மலேரியா 2016 இலேயே இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது, டெங்கு இன்னும் இருக்கிறது. டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், அதனால் மத்தியானத் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

கோயிலுக்குப் போகும்போது பாதங்களைக் கவனியுங்கள். நல்லூர் வீதி மணலும் கோயில்களின் கருங்கல் தளமும் பதினொரு மணிக்குப் பிறகு கொதிக்கும். பெரியவர்கள் பொறுத்துக்கொண்டு நடந்துவிடுவார்கள், சின்னப் பிள்ளைகளின் உள்ளங்கால் கொப்பளித்துப்போகும். காலைப் பூசைக்கோ பின்னேரத் திருவிழாவுக்கோ போங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகிறவர்கள் சனக்கூட்டத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பகலில் நேர்த்தி வைத்துக் காவடி எடுப்பவர்களோடு நடக்கப்போனால் தலைக்குத் துண்டும் கையில் தண்ணீர்ப் போத்தலும் இருக்கட்டும். மற்ற நேரத்தில் தொப்பியைவிடக் குடை நல்லது. வெளியே தளர்ந்த பருத்தி உடுப்பு, வீட்டில் சாரம் அல்லது பருத்திச் சட்டை போதும். ஜீன்ஸைப் பெட்டிக்குள்ளேயே விடுங்கள், இடுப்பிலும் தொடையிலும் வேர்க்குரு போட்டுவிடும்.

மருந்து எடுப்பவர்கள் புறப்படுவதற்கு முன் உங்கள் வைத்தியரிடம் கட்டாயம் பேசுங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் நீர்மாத்திரை உடம்பில் உள்ள தண்ணீரையும் உப்பையும் வெளியேற்றும், அந்த வெயிலில் அதன் அளவை மாற்ற வேண்டிவரலாம். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது, ஊர் அறைகளோ பகலில் அதைத் தாண்டிவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால், அல்லது மின்சாரம் அடிக்கடி நின்றால், மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்ன மண்முட்டி வைத்து, தண்ணீர் படாதபடி பையில் கட்டிய மருந்தை அதனுள் வையுங்கள். நிழலில், காற்றுப் படும் இடத்தில் இருந்தால் அறையைவிடச் சில பாகை குளிர்ச்சியாக இருக்கும்.

வெயிலில் நின்ற ஒருவருக்குத் தலைச்சுற்று, வாந்தி, கால் பிடிப்பு வந்தால் நிழலில் கிடத்தி, கால்களை உயர்த்தி, ஜீவனி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்து, சம்பந்தமில்லாமல் பேசினால், அல்லது கூப்பிட்டும் சரியாக முழிக்காவிட்டால், அது உயிர்போகும் ஆபத்து. பனடோல் அந்தச் சூட்டைக் குறைக்காது. 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. வரும்வரை உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி விசிறுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

குளத்தைக் கண்டால் பிள்ளைகள் பாயத்தான் நினைப்பார்கள். கோடையில் வன்னிக் குளங்களில் தண்ணீர் வற்றி முதலைகளும் மிஞ்சிய தண்ணீருக்குள் ஒதுங்கியிருக்கும், கரையோரச் சேறும் ஆளை இழுக்கும். இரணைமடுவை அணைக்கட்டில் நின்று பார்க்கலாம், குளிப்பதென்றால் வாய்க்காலில் ஊரவர் குளிக்கும் இடத்தில் அவர்களோடு இறங்குங்கள். முகமாலைப் பக்கம் போல மிதிவெடி அகற்றாத இடங்கள் இன்னும் உண்டு, அடையாளப் பலகைக்கு அப்பால் காலே வைக்காதீர்கள். ஓகஸ்டில் சிறுபோக நெல் அறுவடை நடக்கும். வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். வாகனம் ஓட்டுபவரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள், நெல்லின் மேல் ஏற்றிப் போக வேண்டாம். அது ஒரு குடும்பத்தின் நாலு மாத உழைப்பு.

பெட்டி கட்டும்போது சொக்கிளேற்றைக் குறையுங்கள், கிளிநொச்சி போய்ச் சேருவதற்குள் உருகிவிடும். அந்தக் காசில் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குச் சார்ஜ் செய்து பாவிக்கும் மின்விசிறி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கனடாவிலிருந்து கொண்டுபோக வேண்டாம். அங்கே 230 வோல்ட், இங்கத்தைய 120 வோல்ட் சாமான் கருகிவிடும். கிளிநொச்சி டவுனிலேயே வாங்கினால், பழுதானாலும் அங்கேயே திருத்தலாம்.