ஆபீஸில் ஒருவர் பேசுவதைப் படமெடுக்க லைட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாரல் காலத்தில் செங்கோட்டைப் பக்கம் ஜன்னலை மட்டும் நம்பி வீடியோ எடுக்க உட்காரக்கூடாது என்பதைத் தொழிலுக்கு வந்த முதல் வருடமே கற்றுக்கொண்டேன். ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியின் ஆபீஸ். விலை எப்படி முடிவாகிறது என்பதை மண்டிக்காரர் முதலில் தமிழிலும் அப்புறம் மலையாளத்திலும் பேச வேண்டும். 1956 நவம்பர் 1 வரை கேரளப் பக்கத்தோடு இருந்த ஊர் இது. சரக்கில் பெரும்பகுதி இன்றும் கேரள எல்லையில் இருக்கும் புளியரை தாண்டித்தான் போகிறது. அதனால் எந்தப் பேச்சையும் இரண்டு மொழியிலும் எடுப்பது எங்களுக்கு வழக்கம்.

மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதில் மலை. வெளிச்சம் அவ்வளவு அழகாக இருந்ததால் லைட்டை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. தமிழில் பாதி பேசுவதற்குள் ஆரியங்காவு கணவாய் வழியாக மேகம் இறங்கி முகம் இருண்டது. ஐந்து நிமிடத்தில் வெயில். மறுபடி மேகம். எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தால் ஒரே வாக்கியத்துக்குள் அவர் முகம் மூன்று நிறமாக மாறியது. மறுநாள் போய்ப் பேச்சு முழுவதையும் திரும்ப எடுத்தோம்.

எந்த லைட் வாங்கலாம் என்று இப்போது யார் கேட்டாலும், அறை எப்படி இருக்கிறது, பேசப் போகிறவர் யார் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். பேசுபவரின் முகம் அவருடைய முகமாகவே திரையில் வர வேண்டும். லைட் வாங்குவது அதற்காகத்தான். நான் பார்த்தவரை பணம் வீணாகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

இருக்கிற விளக்கை அணைக்காமல் புது விளக்கை ஏற்றுவது

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். ஆபீஸ் கூரையில் எரிவது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை டியூப் அல்லது எல்இடி. வரவேற்பறையில் அழகுக்காக மாட்டிய மஞ்சள் விளக்கு 2700, 3000 கெல்வின் இருக்கும். நண்பகல் வெயில் 5500-ஐ ஒட்டி வரும். வானம் மூடினால் அதுவே இன்னும் நீலமாகும். நம் கண் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும். கேமராவால் ஒரு நேரத்தில் ஒரு வெள்ளையைத்தான் வெள்ளை என்று வைத்துக்கொள்ள முடியும். ஆகவே ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் பதிவாகிறது. இதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

அறைக்குள் போனதும் கூரை விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். திரை இல்லையென்றால் பேசுபவரை ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார வைத்து, உங்கள் லைட்டை ஜன்னல் வெளிச்சத்தின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். இதற்குத்தான் நிறத்தை மாற்றக்கூடிய பை-கலர் லைட் பயன்படும். வெளிச்சமான ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டு, லைட்டால் அதை ஜெயிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதற்கு ஆபீஸுக்குள் கொண்டுபோகும் அளவுள்ள லைட் போதாது. எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடக்கூடாது. சாம்பல் அட்டையைப் பேசுபவரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒருமுறை வைத்துவிட்டால் போதும்.

சுவரையும் பாருங்கள். பழைய ஆபீஸ்களில் இளம்பச்சையோ நீலமோ அடித்திருப்பார்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்தப் பச்சை தாடையில் வந்து விழும். ஐந்தாறு அடி முன்னால் தள்ளி உட்கார வைத்தால் அதுவும் போகும், பின்னணியிலிருந்து ஆளும் தனித்துத் தெரிவார்.

வாட்டைப் பார்த்து வாங்குவது

வாட் என்பது லைட் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்ற கணக்குதான். எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று தெரிய, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை லக்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த எண் பெரும்பாலும் உலோக ரிஃப்ளெக்டர் மாட்டி, வெளிச்சத்தை ஒரே இடத்தில் குவித்து அளந்ததாக இருக்கும். நாம் லைட்டின் முன்னால் வெள்ளைத் துணி போட்ட கூடான சாஃப்ட்பாக்ஸ் மாட்டித்தான் எடுக்கப் போகிறோம். அதன் துணிகளைத் தாண்டி வரும்போது வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தூரமும் சேர்த்துக் கணக்கிடுங்கள்: இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அதற்காகப் பயந்து 300 வாட் வாங்க வேண்டியதும் இல்லை. திரை போட்ட ஆபீஸ் அறையில் ஒருவர் உட்கார்ந்து பேச, நல்ல 60 வாட் எல்இடி, 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ், முகத்திலிருந்து நாலடி தூரம் என்று வைத்தால் லென்ஸ் திறப்பு எஃப் 4, கேமராவின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400 என்ற அளவிலேயே படம் தாராளமாக வரும்.

வாட்டைவிட முக்கியம், பேசுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது. பெரிதாகத் தெரிந்தால் நிழலின் ஓரம் மெல்லக் கரையும். சின்னதாகத் தெரிந்தால் மூக்கின் நிழல் கத்தியால் வெட்டியது போல விழும். கேமராவின் தலையில் மாட்டும் உள்ளங்கை அளவு பேனல் எத்தனை பிரகாசமானாலும் முகத்தைத் தட்டையாக்கி, நெற்றியில் எண்ணெய் தடவியது போலக் காட்டுகிறது. நல்ல சாஃப்ட்பாக்ஸையே பன்னிரண்டு அடி தள்ளி வைத்தால் அதுவும் சின்ன விளக்குதான்.

பெரிய வெளிச்சத்துக்குப் பெரிய பணம் வேண்டும் என்பதில்லை. சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1950-களில், ஸ்டுடியோவில் போட்ட காசி வீட்டு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியில் அடித்துத் திரும்ப வரும் வெளிச்சத்தில் எடுத்தார். திறந்த முற்றத்தில் விழும் நிழலில்லாத பகல் வெளிச்சம் அப்படித்தான் அவருக்குக் கிடைத்தது. நமக்கும் ஒரு தெர்மாகோல் பலகை அந்த வேலையைச் செய்யும். லைட்டைப் பலகையில் அடியுங்கள். பலகையைப் பேசுபவருக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். கூரையில் மட்டும் அடிக்க வேண்டாம். வெளிச்சம் நேர் மேலிருந்து இறங்கினால் கண் இரண்டும் குழிக்குள் போய்விடும். பேசுபவரின் கண் திரையில் தெரியாவிட்டால் அவர் பேச்சை யாரும் முழுக்கக் கேட்பதில்லை.

நிறத்தைச் சோதிக்காமல் வாங்குவது

இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாக நினைக்கிறேன்.

ஜவுளிக்கடையில் அம்மா புடவையை எடுத்ததும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்ப்பார். கடை விளக்கில் அரக்காகத் தெரிந்தது வெளியே வந்தால் பழுப்பு. சில விளக்குகள் சில நிறங்களைத் தின்றுவிடுகின்றன என்று தெரிந்துதான் அந்தத் தலைமுறை வாசலுக்குப் போனது. லைட் பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கிறதே, அது அளப்பதும் இதைத்தான். ஆனால் அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது. அதற்கு ஆர் 9 என்று தனி எண் உண்டு. சிஆர்ஐ 80 போட்ட விளக்குக்கு ஆர் 9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம்.

தோலுக்கு உயிர் கொடுப்பது அந்தச் சிவப்புதான். அது இல்லாத விளக்கில் நம்முடைய மாநிற, கறுப்பு முகங்கள் சாம்பல் பூத்து, காய்ச்சலில் எழுந்து வந்தவர் போலத் தெரிகின்றன. உதட்டுக்கும் கன்னத்துக்கும் வித்தியாசமே இருக்காது. வயல் வேலையில் கறுத்த ஒரு மனிதர் கம்பீரமாக உட்கார்ந்து பேசுகிறார். திரையில் அவர் சோர்ந்துபோய்த் தெரிகிறார் என்றால் அது நாம் அவருக்குச் செய்யும் அநியாயம். சிஆர்ஐ 95-க்கு மேலும், ஆர் 9 எண் 90-க்கு மேலும் இருப்பதை வாங்குங்கள். ஆர் 9 எண்ணையே போடாத லைட்டைக் கடையிலேயே சோதியுங்கள்: ஒரு பழுத்த தக்காளியையும் உங்கள் உள்ளங்கையையும் அந்த லைட்டில் ஒருமுறை, வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை படமெடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, கறுப்பு முகத்தை வெளுக்க வைக்க வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவது. திரையில் முழு வெள்ளை 100 என்றால் முகத்தின் பிரகாசத்தை 70 சதவீதத்தில் வை என்று பழைய பாடங்களில் வரும் கணக்கு வெள்ளைக்காரர்களின் தோலை வைத்துச் சொன்னது. நான் மாநிறத்துக்கு 55-ஐ ஒட்டியும் கறுப்புக்கு 45-ஐ ஒட்டியும் வைக்கிறேன். கறுப்பு முகத்தின் அழகு கன்ன எலும்பிலும் நெற்றியிலும் ஓடும் அந்த மெல்லிய பளபளப்பில் இருக்கிறது. பெரிய மிருதுவான வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் அது தானாக வரும்.

எங்கள் பக்கத்தில் பேச உட்காருபவர் பலரும் வெள்ளை வேட்டி சட்டையில் வருவார்கள். கேமராவை ஆட்டோவில் விட்டால் அது சட்டையைப் பார்த்துவிட்டு முகத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படம் எவ்வளவு பிரகாசமாகப் பதிவாக வேண்டும் என்ற அளவை, முகத்துக்கு வைத்துப் பூட்டுங்கள். அப்புறம் சாஃப்ட்பாக்ஸைக் கொஞ்சம் மேலே தூக்கி, சட்டையில் விழும் வெளிச்சத்தை ஒரு கருப்புத் துணியால் மறைத்தால் சட்டை அடங்கிவிடும். சட்டையை மாற்றி வரச் சொல்ல வேண்டியதில்லை.

சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கெடுப்பவை

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். போன் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்க, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் படத்தில் பட்டை பட்டையாக நெளியும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் நின்றுவிடும். ஐபோனில் கேமரா அமைப்புக்குள் பால் (PAL) ஃபார்மட் என்று இருப்பதைத் திறந்தால்தான் 25 ஃபிரேம் கிடைக்கும். விலை குறைந்த எல்இடிகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது தாமாகவே துடிப்பதும் உண்டு. வாங்கும் முன் டிம்மரை 10 சதவீதத்துக்கு இறக்கி, போனின் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள்.

மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு ரிங் லைட் வேண்டவே வேண்டாம். கண்ணுக்கு மேல் இரண்டு வளையம் உட்கார்ந்துகொள்ளும். லைட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி உயர்த்துங்கள். கண்ணாடிக் கம்பியைக் காதுக்கு மேல் அரை விரல் தூக்கினாலும் பளபளப்பு கீழே போய்விடும்.

லைட்டின் ஃபேன் சத்தத்தையும் கடையில் கேட்டுப் பாருங்கள். ஆபீஸில் ஏசியை அணைத்த பிறகுதான் அது காதுக்கு வரும். மழை நாளில் கரண்ட் போவது இங்கே சாதாரணம் என்பதால் பேட்டரி மாட்ட வழியுள்ள லைட்டாக வாங்குவது நல்லது. 150 வாட்-ஹவர் பேட்டரி, 60 வாட் லைட்டை முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்கும். ஸ்டாண்டின் காலில் மணல் பையைக் கட்டாமல் யாரையும் அதன் கீழே உட்கார வைக்காதீர்கள்.

கையில் பணம் குறைவென்றால் நிறம் சரியான ஒரே ஒரு லைட், ஒரு சாஃப்ட்பாக்ஸ், நிழல் பக்கம் வைக்க ஒரு தெர்மாகோல் போதும். பின்னணிக்கான இரண்டாவது லைட்டை அடுத்த வருடம் வாங்கலாம்.

இரண்டு மொழியில் எடுப்பவர்கள், தமிழ் முடிந்து சாப்பிடப் போகும் முன் நாற்காலியின் நாலு காலுக்கும் ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். டிம்மரில் இருக்கும் எண்ணையும் கெல்வினையும் போனில் படம் பிடித்து வையுங்கள். சாப்பிட்டு வருவதற்குள் யாராவது ஒருவர் ஸ்டாண்டை நகர்த்திவிட்டுத்தான் தரையைப் பெருக்கியிருப்பார்.