நோயில் பூசுதலுக்குக் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம்

"சாமியார் எண்ணெயோடு வந்தாலே ஆள் முடிந்தது" என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கத்தோலிக்கச் சாமியார் நோயாளிக்காகச் செபித்து எண்ணெய் பூசும் இந்த நோயில் பூசுதலை முன்பு அவஸ்தைப் பூசுதல், அதாவது சாகும் வேளையில் பூசுவது என்று சொன்னதும் ஒரு காரணம். ஆனால் சாவின் விளிம்பில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரிய அருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) இது அல்ல என்பதை கத்தோலிக்க ஆயர்கள் கூடிய 2-ஆம் வத்திக்கான் சங்கமே தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன்பும், முதுமையில் உடல் தளரும்போதும் கேட்கலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

ஆள் நினைவோடு இருக்கும்போதே பங்குத்தந்தையை, அதாவது உங்கள் கோயில் சாமியாரைக் கூப்பிடுங்கள். அப்போதுதான் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியும், அர்ச்சித்த அப்பமான நற்கருணையும் வாங்க முடியும். எங்கள் அப்பாயிக்கு நெற்றியில் பூசியதும், கேட்காமலே இரண்டு உள்ளங்கைகளையும் தானாக விரித்து நீட்டினார்கள். எண்ணெய் மினுங்கிய அந்தக் கைகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

கட்டில் அருகே சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஆக்சிஜன் ஓடுகிறதென்றால் திரி ஏற்ற வேண்டாம். விழுங்கச் சிரமப்படுவாரா என்று போனிலேயே சொல்லிவிடுங்கள், அப்பத்தில் ஒரு துணுக்கு மட்டும் தருவார். நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவர்களுக்கும் நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் நோன்பு கட்டாயமில்லை. கஞ்சி குடித்துவிட்டாரே என்று தயங்காதீர்கள்.

அப்புறம், பாவசங்கீர்த்தன நேரத்தில் மட்டும் எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பூசும்போது உள்ளே வந்து சேர்ந்து செபிக்கலாம்.