தார் பாலையில் திட்டமில்லாமல் வரைவது எப்படி? முதன்முறை வரைபவர்களுக்கு ஒரு செய்முறை

தார் பாலையைப் பார்க்க ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போகிறவர்களில் பாதிப்பேர் ஒரே படத்தோடுதான் திரும்புகிறார்கள்: மணல்மேடு, ஒட்டகம், பின்னால் இறங்கும் சூரியன். போனில் எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். அதையே நோட்டில் வரைய உட்கார்ந்தால் ஒட்டகத்தின் கால் வராது, மணல் வெறும் மஞ்சள் பூச்சாக நிற்கும். புதிதாக வரைகிறவர் பத்து நிமிடத்தில் நோட்டை மூடிவிடுவார்.

இங்கே நான் சொல்வது வேறு வழி. எதை வரையப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் உட்கார்ந்து, காற்றும் வெயிலும் மணலும் கையின் அசைவும் இழுத்த இழுப்பில் தாளை நிரப்புவது. உள்ளுணர்வு ஓவியம் என்கிறார்கள். இதற்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ‘இஷ்டத்துக்குக் கிறுக்கு’ என்று விட்டால் ஐந்தாவது நிமிடத்தில் அலுத்துப்போகும். நிறம், நேரம், தாளின் அளவு மூன்றையும் முன்கூட்டியே கறாராக முடிவு செய்துவிடுங்கள். அதன் பிறகு மற்றதையெல்லாம் கையிடம் விடலாம். பாலைவனம் இதற்கு ரொம்பத் தோதான இடம், கண்ணைக் குழப்பும் பொருட்கள் அங்கே குறைவு.

எப்போது, எங்கே

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், நினைக்கவே வேண்டாம். ஜனவரி இரவுகளில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் என்பதால் அதிகாலைக்கு ஸ்வெட்டர் தேவை. இந்தியாவின் மேற்கு ஓரம் என்பதால் அங்கே ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஏழரை மணி ஆகிவிடும். சென்னைக் கணக்கில் ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் இருட்டில் நடுங்க வேண்டியதுதான்.

நகரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் போனால் சம் மணல்மேடுகள். தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் குரி கிராமம். சம்மில் மாலை நேரம் ஜீப், ஒட்டகச் சவாரி, ஒலிபெருக்கி என்று திருவிழாவாக இருக்கும், வரைவதற்கு ஆகாது. என் ஓட்டு குரிக்கு. சம்தான் கிடைத்தது என்றால் காலையில் போங்கள். இரவுக் காற்று முந்தின நாள் காலடித் தடங்களை ஓரளவு அழித்திருக்கும், சாய்வெயிலில் மணலின் ஒவ்வொரு வரியும் நிழலோடு தெரியும்.

எல்லைப் பக்கம் அனுமதி இல்லாமல் போக முடியாது. ராணுவ வாகனம், முகாம் எதையும் வரையவும் வேண்டாம், படமெடுக்கவும் வேண்டாம்.

பையில் என்ன

ஏ5 அளவில், கெட்டித் தாள் கொண்ட நோட்டு ஒன்று. தாளின் கெட்டியைக் குறிக்கும் ஜிஎஸ்எம் எண் 200க்குக் குறைந்தால் தண்ணீர் பட்டதும் சுருளும். பழுப்பு அல்லது கிரீம் நிறத் தாள் கிடைத்தால் அதையே வாங்குங்கள், பாலை வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும். பக்கம் பறக்காமல் இருக்க இரண்டு கிளிப். தண்ணீரை உள்ளேயே அடைத்துக்கொள்ளும் வாட்டர் பிரஷ் ஒன்று. 6பி பென்சில், கறுப்புப் பேனா, சின்ன ஃபெவிகால், டீ வடிகட்டி, பட்டர் பேப்பர் சில துண்டு, ஒரு பருத்தித் துண்டு.

வாட்டர்கலரில் மூன்றே மூன்று: யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் நீலம். சியன்னாவும் நீலமும் கலந்தால் அருமையான சாம்பல் வரும். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த நிழல், சியன்னா தூக்கலாக இருந்தால் சுட்ட பாறை. ஆக்கரோடு நீலம் சேர்த்தால் மங்கின பச்சை, பாலைச் செடிகளின் பச்சையே அதுதான். மூன்று போதுமா என்று சந்தேகம் வந்தால் ராஜஸ்தான் கிராமத்து வீடுகளின் மாண்டனா கோலங்களைப் பாருங்கள். சாணமும் மண்ணும் மெழுகிய சுவரிலும் தரையிலும் வெள்ளைக்கு ஒரு சுண்ணமண், சிவப்புக்குக் காவி, அவ்வளவுதான். இரண்டே நிறத்தில் வீடு முழுக்க நிறைத்துவிடுகிறார்கள்.

ஆயில் பாஸ்டலை வீட்டில் வையுங்கள். வெயிலில் நின்ற காருக்குள் அது கூழாகிவிடும். குடிக்கத் தண்ணீர் தனியாக, வரையத் தண்ணீர் தனியாக. அழுக்குத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவர மூடியுள்ள காலி பாட்டிலும் ஒன்று வேண்டும். மணலில் கொட்டாதீர்கள்.

படி 1: உட்காருவது

ஒரு சிட்டிகை மணலை எடுத்து, இடுப்பு உயரத்தில் விரலைத் தளர்த்துங்கள். காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று தெரியும். காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.

அடுத்தது நிழல். நேர் வெயில் விழுகிற தாளில் வரைந்தால் எல்லாமே வெளிறித் தெரியும், அதை ஈடுகட்டக் கை தானாக அடர்த்தியாகப் பூசும். அறைக்கு வந்து பார்த்தால் படம் கருகிக் கிடக்கும். தொப்பியோ தோளோ, ஏதாவது ஒன்றின் நிழலைத் தாளின் மேல் விழவையுங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலை வெயிலைச் சமாளிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் தன் ஃபோர்டு காரையே ஓவியக்கூடமாக்கி, அதற்குள் உட்கார்ந்து வரைந்தார். வாடகைக் காரின் பின்சீட்டுக் கதவைத் திறந்துவைத்து நீங்களும் அதைச் செய்யலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதரடியில் உட்காரும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். சுருட்டை விரியன் உள்ள ஊர் அது.

படி 2: தாளைப் பார்க்காமல் மணல்வரிகளை வரைவது

தூரத்து மேட்டை மறந்துவிட்டு, உங்கள் முழங்காலுக்கு முன்னால் ஒரு முழ இடத்தை மட்டும் பாருங்கள். அங்கே மணல் வரிவரியாக இருக்கும். காற்றில் மணல் துகள்கள் தவ்வித் தவ்விப் போய் விழுவதால் உண்டாகும் வரிகள் அவை. வரிகள் எப்போதும் காற்றுக்குக் குறுக்கே ஓடும். காற்று வரும் பக்கம் சரிவு மெல்ல ஏறும், மறுபக்கம் சட்டென்று இறங்கும். பெரிய மணல்மேட்டுக்கும் இதே கதைதான். காற்றின் மறுபக்கச் சரிவு 34 டிகிரியை ஒட்டி நின்றுவிடும், அதற்கு மேல் செங்குத்தானால் மணல் தானாகச் சரிந்துவிடும். புதிதாக வரைகிறவர்களின் மணல்மேடு எகிப்துப் பிரமிடுபோல் ஆவது இதைக் கவனிக்காததால்தான்.

இப்போது பென்சிலை எழுதாத கையில் பிடியுங்கள். கண் மணலில் இருக்கட்டும், தாளைப் பார்க்க வேண்டாம். ஒரு வரியைக் கண்ணால் பின்தொடர்ந்து, அதே வேகத்தில் கையை ஓட்டுங்கள். மெல்ல ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி மெல்ல ஏறி. மூச்சோடு சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது. வரி இரண்டாகப் பிரிகிற இடத்தில் கையும் பிரியட்டும். காற்று முதுகில் பலமாக அடிக்கிறபோது அழுத்தம் கூடட்டும். ஆட்டு மணிச் சத்தம் கேட்டால் ஒரு புள்ளி வையுங்கள், ஜீப் போனால் ஒரு நீளக் கோடு. ஐந்து நிமிடம் அலாரம் வைத்து, அது அடித்த பிறகே தாளைப் பாருங்கள்.

கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓரத்தைத் தாண்டி நோட்டின் அட்டை வரை போயிருக்கும். திருத்தாதீர்கள். எழுதும் கைக்குப் பழகிப்போன ‘மணல்மேடு’ வடிவம் ஒன்று இருக்கிறது, அது இந்தத் தாளில் வந்திருக்காது. நமக்கு வேண்டியது அதுதான்.

படி 3: நிறம்

வீட்டில் செய்வதுபோல் தாள் முழுவதையும் நனைத்துவிட்டு நிறம் எடுக்கப் போனால், திரும்புவதற்குள் காய்ந்திருக்கும். காற்றில் அவ்வளவு வறட்சி. உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் நனைத்து, அதில் ஒரு நிறத்தை ஒரே ஒருமுறை தொட்டு, நோட்டைச் சாய்த்துவிடுங்கள். நிறம் ஓடி, பாதி வழியில் காய்ந்து, கறாரான ஓரக்கோட்டோடு நிற்கும். சென்னையின் ஈரக்காற்றில் இந்த ஓரம் இவ்வளவு சீக்கிரம் வராது. அதைக் கழுவி மென்மையாக்க முயற்சிக்காமல், அடுத்த ஈரத்தை அந்த ஓரத்தை ஒட்டித் தொடங்குங்கள். இப்படியே நாலைந்து முறை. எங்கே நனைப்பது என்று யோசிக்க வேண்டாம், படி 2இல் கோடுகள் நெருங்கிக் கிடக்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள்.

எந்த நிறம் என்று கை தயங்கினால் மணலின் நிழல் பக்கத்தைப் பாருங்கள். வெயில் படாத மணலில் விழுவது வானத்தின் வெளிச்சம், அதனால் நிழல் கறுப்பாக இருக்காது, நீலச்சாயலாக இருக்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்ட கண் நீலத்தைத் தைரியமாக எடுக்கும்.

ஈரத்தில் மணல் வந்து ஒட்டுமே என்று கவலைப்படாதீர்கள். ஒட்டட்டும். முழுக்கக் காய்ந்தபின் துண்டால் தட்டிவிட்டால் துகள் இருந்த இடமெல்லாம் புள்ளிகளாகத் தெரியும். ஈரத்தில் தேய்த்தால்தான் தாள் கீறிப்போகும்.

படி 4: பசையும் மணலும்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பக்கம்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

பிரெஞ்சு ஓவியர் ஆந்த்ரே மாஸோன் 1926, 1927இல் இந்த முறையில் வரைந்தார். கேன்வாஸில் யோசிக்காமல் பசையைத் தடவி, மேலே மணலைக் கொட்டி, ஒட்டாததை உதறிவிட்டு, மிஞ்சிய வடிவங்கள் எதை நினைவூட்டினவோ அதற்கேற்பக் கோடும் நிறமும் சேர்த்தார். எங்கே மணல் நிற்கும் என்பதை அவர் முழுதாகத் தீர்மானிக்கவில்லை, பசை பாதி தீர்மானித்தது.

நமக்கு ஒரு தேக்கரண்டி மணல் போதும். சம், குரி பக்கத்தை ஒட்டித்தான் பாலைவனத் தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. காப்புப் பகுதிகளில் மணல், கல், செடி எதையும் எடுக்கக் கூடாது, நீங்கள் தங்கும் கூடாரத்து முற்றத்து மணலே இதற்குத் தாராளம். டீ வடிகட்டியில் சலித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணைப் பாதி மூடி, ஃபெவிகாலை நேராகத் தாளில் பிதுக்கியபடி கையை ஓட்டுங்கள். பத்து எண்ணுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். சில இடங்களில் விரலால் இழுத்துப் பரப்புங்கள். இப்போது மணல். கோலம் போட்டுப் பழகின கைக்கு இங்கே கொண்டாட்டம்: கோலப்பொடிபோல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மணலை நழுவவிட்டால் பசை இல்லாத இடத்திலும் மெல்லிய இழையாக விழும். காற்று அந்த இழையைக் கொஞ்சம் நகர்த்தித்தான் பசையில் சேர்க்கும். நகர்த்தட்டும். இருபது நிமிடம் காயவிட்டு, நோட்டைக் கவிழ்த்து உதறுங்கள்.

மிஞ்சியிருக்கும் மணல் திட்டுகளைச் சுற்றி இனி பேனா. இங்கே பேனாவைக் குறைவாகப் பயன்படுத்துகிறவர் ஜெயித்தார். ஏதோ ஒரு திட்டு பறவைபோல் தெரிகிறது என்றால் கண்ணும் மூக்கும் வைத்து அதைப் பறவையாக்கிவிடத்தான் கை துடிக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பறவை போகக்கூடிய திசையில் ஒரு கோடு இழுத்தால் போதும்.

குச்சியை மையில் தோய்த்து வரைவது இந்தப் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் கீழே உதிர்ந்து கிடக்கிற குச்சியை மட்டும் எடுங்கள், மரத்திலிருந்து ஒடிக்காதீர்கள். அங்கே கேஜ்ரி என்று சொல்கிற மரம் நம்முடைய வன்னி, சிவன் கோயில்களில் தலமரமாக நிற்பது. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண் உட்பட, பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரைவிட்டார்கள் என்பது அந்த ஊர் வரலாறு. ஒரு குச்சிதானே என்று அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

படி 5: எப்போது நிறுத்துவது

அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றால் நோட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். எந்த இடம் கனமாக இருக்கிறது, எந்த மூலை காலியாக இருக்கிறது என்று உடனே தெரியும். காலி மூலையை நிரப்பியே ஆகவேண்டும் என்பதில்லை. சுற்றிலும் பாருங்கள், பாலைவனமே பாதிக்குமேல் காலிதான்.

‘இதைக் கொஞ்சம் சரிசெய்தால் நன்றாக இருக்கும்’ என்ற நினைப்பு வந்தால் பேனாவை மூடிவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மொத்தம் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அந்த நினைப்பு வருவதற்குள் பெரும்பாலும் நேரம் முடிந்துவிடும்.

ஆடு மேய்க்கிறவர்களோ தண்ணீர் எடுத்து வருகிறவர்களோ வந்து எட்டிப்பார்த்தால் நோட்டை மறைக்காமல் காட்டுங்கள். அவர்களை வரைய வேண்டுமென்றால் முதலில் கேளுங்கள். எனக்கென்னவோ, பென்சிலை அவர்கள் கையில் கொடுத்து ஓரத்தில் ஏதாவது போடச் சொல்வது இன்னும் பிடிக்கும்.

அறைக்குத் திரும்பிய பிறகு

மணல் பக்கத்தின் மேல் பட்டர் பேப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்தை அது உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் நேரம், காற்றின் திசை, கேட்ட சத்தம் மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். ‘மனதில் என்ன தோன்றியது’ என்றெல்லாம் எழுதத் தேவையில்லை, அது தாளிலேயே இருக்கும்.

மறுநாள் காலை, பழைய அட்டை ஒன்றில் தீப்பெட்டி அளவுக்குச் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டி, அதைப் பக்கத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். முழுப் பக்கமாகப் பார்க்கையில் குப்பையாகத் தெரிந்ததற்குள் ஓரிடம், ஓரக்கோடும் மணலும் நீலமும் சந்திக்கிற ஒரு மூலை, தனிப் படமாக நிற்கும். அதை வெட்டி எடுத்துவிடாதீர்கள். ஜன்னலின் நான்கு மூலைக்கும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டு, ஊருக்கு வந்து நாலு மடங்கு பெரிய தாளில் அந்த மூலையை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள்.