பழைய பிலிம் கமெரா: றோல் போடுவதற்கு முன் ஃபோகஸைச் சரிபார்க்கும் முறை

பழைய கமெரா ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் ஷட்டரை அமுக்கிப் பார்ப்பார்கள். சத்தம் ஒழுங்காக வந்தால் கமெரா நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஷட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் நெகட்டிவ் பிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஃபோகஸ் பிழைத்தால் முழு றோலும் மங்கலாக வரும், கழுவிய பிறகு அதைத் திருத்த வழியில்லை. பிலிம் விற்கும் விலைக்கு அது சின்ன நட்டமல்ல. ஆகவே றோல் போடுவதற்கு முன் இரண்டு விடயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் கமெரா எந்த முறையில் ஃபோகஸ் ஆகிறது, அதன் தூர வளையத்தில் உள்ள எண்கள் உண்மையா. 1985 இல் மினோல்டா 7000 வந்து தானியங்கி ஃபோகஸைப் பரவலாக்கும்வரை, தூரத்தைக் கண்டறிவது பெரும்பாலும் படம் எடுப்பவரின் வேலையாகவே இருந்தது.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிடும் கமெராக்கள்

சைஸ் ஐக்கொன் நெட்டார், அக்ஃபா ஐசொலெட் போன்ற மடிப்புக் கமெராக்களில் பல இந்த வகை. வியூஃபைண்டர் வெறும் சாளரம்தான். ஆள் 2 மீற்றரில் நின்றாலும் 20 மீற்றரில் நின்றாலும் அதில் தெளிவாகவே தெரிவார். தூரத்தை நீங்கள் மதிப்பிட்டு வளையத்தில் வைக்கவேண்டும். வளையம் அடியிலா மீற்றரிலா என்று முதலில் பாருங்கள். 10 என்பதை மீற்றர் என்று நினைத்து அடி வளையத்தில் வைத்தால், லென்ஸ் 3 மீற்றரில் ஃபோகஸ் ஆகியிருக்கும்.

மதிப்பிடப் பழகுவதற்கு ஊரிலேயே அளவுகோல்கள் இருக்கின்றன. தெருவில் நிற்கும் ஆட்டோ சுமார் 2.6 மீற்றர் நீளம். வீட்டுத் தரையில் இரண்டடி மாபிள் பதித்திருந்தால் ஐந்து மாபிள் 3 மீற்றர். ஒரு கிழமை தூரத்தைச் சொல்லிவிட்டு அளவுநாடாவால் அளந்து பாருங்கள், கண் தானாகவே பழகிவிடும்.

மதிப்பீட்டின் பிழையை அப்பேச்சர் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை, எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) மூடிவிடும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 8 இல் வைத்து 3 மீற்றருக்கு ஃபோகஸ் செய்தால் சுமார் 2.3 மீற்றரிலிருந்து 4.2 மீற்றர் வரை தெளிவாக வரும். கொழும்பு புறக்கோட்டை நெரிசலில் நடந்தபடி படம் எடுக்க இதைவிட வசதியான நிலை இல்லை. வளையத்தைத் தொடவே தேவையில்லை. திறந்த வெளியில் எஃப் 11, 7.5 மீற்றர் என்று வையுங்கள், ஏறக்குறைய 3.8 மீற்றரிலிருந்து முடிவிலி (எல்லையில்லாத தூரம்) வரை தெளிவு. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு எஃப் 11 உடன் 1/200 செக்கன் போதும். இந்தக் கணக்குகள் சிறிய பிரின்டுக்கானவை. ஸ்கான் செய்து பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் அப்பேச்சரை இன்னும் ஒரு படி மூடுங்கள். பல சைஸ் ஐக்கொன் மடிப்புக் கமெராக்களில் தூர வளையத்திலும் அப்பேச்சர் வரிசையிலும் உள்ள சிவப்புக் குறிகளும் இந்தக் கணக்கைத்தான் உங்களுக்காகப் போட்டு வைத்திருக்கின்றன.

வளையம் திரும்ப மறுத்தால் பலவந்தம் பண்ணவேண்டாம். இந்தக் கமெராக்களில் முன் கண்ணாடி மட்டும் திருகில் சுழன்று ஃபோகஸ் ஆகும். பழைய அக்ஃபாக்களின் பச்சை நிறக் கிறீஸ் காலப்போக்கில் பசைபோல இறுகிவிடும். முறுக்கினால் முன் கண்ணாடியோடு உள் கண்ணாடியும் சேர்ந்து திரும்பி, முடிவிலி நிலையே கலைந்துவிடும். திருத்துபவரிடம் கொடுப்பதே நல்லது.

றேஞ்ச்ஃபைண்டர்

றேஞ்ச்ஃபைண்டர் என்பது தூரத்தை அளக்கும் தூரமானி. 1925 இல் வந்த முதல் லைக்காவில் அது தனிக் கருவி. அதில் அளந்த எண்ணைப் பார்த்து லென்ஸில் வைக்கவேண்டும். 1932 இல் லைக்கா II தூரமானியை லென்ஸோடு இணைத்தது. 1954 இல் எம்3 அதை வியூஃபைண்டருக்குள்ளேயே கொண்டுவந்தது. பிற்காலத்து கனோனெட், யஷிகா இலெக்ட்ரோ 35 போன்றவற்றில் நீங்கள் காண்பதும் இதுவே: சட்டத்தின் நடுவில் மஞ்சள் சாயல் கொண்ட சிறு திட்டு, அதற்குள் இரட்டை உருவம். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ்.

இரண்டு சாளரங்களும் பக்கவாட்டில் இருப்பதால் செங்குத்துக் கோடுகளே உதவும்: கதவு நிலை, மின்கம்பம், சட்டையின் பொத்தான் ஓரம். முகமென்றால் கண்ணின் ஒளிப்புள்ளி. குறுக்குக் கோடுகள் மட்டுமே இருந்தால் கமெராவை நிமிர்த்திப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டுத் திரும்பச் சரியுங்கள்.

திட்டு மங்கியிருந்தால் வியூஃபைண்டரின் முன்சாளர நடுவில் சிறு கறுப்பு ரேப் துண்டு ஒட்டிப் பாருங்கள், இரண்டாம் உருவம் எடுப்பாகத் தெரியும். மூடியைத் திறந்து உள்ளேயுள்ள பாதி வெள்ளி பூசிய கண்ணாடியைப் பஞ்சால் துடைக்கவே கூடாது. பூச்சு பஞ்சோடு வந்துவிடும், பிறகு திட்டே இருக்காது. உருவங்கள் மேல்கீழாக விலகியிருந்தால் பார்க்க எரிச்சல், ஃபோகஸ் கெடாது. தூரப்பொருளில் பக்கவாட்டாக விலகியிருந்தால்தான் கவலைப்படவேண்டும்.

இன்னும் இரண்டு பொறிகள். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டர் தெளிவாகவே காட்டும். உள்ளே அமுக்கி வைக்கும் லென்ஸை முழுதாக வெளியே இழுத்துத் திருகிப் பூட்டாவிட்டாலும் அது எதையும் காட்டிக்கொடுக்காது.

துணி ஷட்டர் உள்ள கமெராவோடு காலிமுகத்திடலுக்குப் பின்னேரம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடலுக்கு மேல் சூரியன் நேரெதிரே நிற்கும். மூடி இல்லாத லென்ஸ் சூரியனைத் துணியில் குவித்து ஊசித்துளை போட்டுவிடும். எடுக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் மூடி லென்ஸில் இருக்கட்டும்.

கண்ணாடியில் பார்த்து ஃபோகஸ் செய்பவை

1929 இல் வந்த றோலைஃபிளெக்ஸின் வழிவந்த இரட்டை லென்ஸ் கமெராக்களில் மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படத்துக்கு. உருவம் இடம்வலம் மாறித் தெரியும். மேல்மூடியிலுள்ள உருப்பெருக்கியை விரித்து, கண்ணை அதற்கு அருகே கொண்டுபோய்த்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். இடுப்புயரத்தில் பிடித்துக் குனிந்து பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள்.

எஸ்எல்ஆரில் பார்ப்பதற்கும் படத்துக்கும் ஒரே லென்ஸ்தான், உள்ளே சாய்ந்து நிற்கும் முகம்பார்க்கும் கண்ணாடி உருவத்தை மேலேயுள்ள திரைக்கு அனுப்பும். அப்பேச்சர் முழுதாகத் திறந்திருக்கும்போது ஃபோகஸ் செய்யுங்கள். எம்42 என்ற திருகு வகை லென்ஸ்கள் பலவற்றில் தானியங்கி, கைமுறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கைமுறையில் இருந்தால் திரை இருண்டு எல்லாமே தெளிவுபோலத் தோன்றும். திரையின் நடுவில் உருவத்தை இரண்டாகப் பிளந்து காட்டும் வட்டத்தின் ஒரு பாதி கறுத்தால் பழுதல்ல. எஃப் 5.6 ஐ விட இருண்ட லென்ஸில் அப்படித்தான் ஆகும், சுற்றியுள்ள சொரசொரப்பான பகுதியைப் பாருங்கள்.

எஸ்எல்ஆரில் ஃபோகஸ் பிழைக்க இரண்டு வழமையான காரணங்கள்: சில கமெராக்களில் கண்ணாடி நிற்கும் இடத்திலுள்ள பஞ்சு உக்கிக் கண்ணாடியின் நிலை மாறுவது, யாரோ கழுவிவிட்டுத் திரையைத் தலைகீழாகப் பூட்டியது. திரையின் மங்கல் பக்கம் கண்ணாடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கவேண்டும்.

சோதனை

றோல் இல்லாமல் பின்கதவைத் திறந்து, முக்காலியில் பூட்டி, ஷட்டரை 'பி' (அமுக்கியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) இல் கேபிளால் திறந்து பூட்டுங்கள். அப்பேச்சர் முழுதாகத் திறந்திருக்கட்டும். பிலிம் ஓடும் உள் இரு தண்டவாளங்களின் மேல் சிறு மங்கல் கண்ணாடித் துண்டை, மங்கல் பக்கம் லென்ஸைப் பார்க்க வைத்து றப்பர் பாண்டால் பிடியுங்கள். செலோரேப் ஒட்டிச் சோதிப்பவர்களும் உண்டு. ஆனால் அது நடுவில் தொய்யும், அந்தத் தொய்வே பிழையாகத் தெரியும்.

ஒரு கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து தாமரைக் கோபுரத்தை நோக்குங்கள். தலையில் கறுப்புத் துணி போட்டு உருப்பெருக்கியால் பார்த்தால் கோபுரம் தலைகீழாகத் தெரியும். வளையம் முடிவிலியில் முட்டி நிற்கும்போது அது கூர்மையாக இருக்கவேண்டும். வியூஃபைண்டரிலும் அதே நிலையில் உருவங்கள் ஒன்றாக வேண்டும். கண்ணாடியில் கூர்மை, வியூஃபைண்டரில் விலகல் என்றால் லென்ஸ் சரி, தூரமானி பிழை. கண்ணாடியிலேயே மங்கல் என்றால் லென்ஸின் இருப்பிடம் பிழை.

அடுத்தது கிட்டிய தூரம். ஐந்து தீப்பெட்டிகளை முன்னும் பின்னுமாக 5 சென்ரிமீற்றர் இடைவெளியில், ஒன்றையொன்று மறைக்காதபடி சரிவாக நிறுத்தி, நடுப்பெட்டி 1 மீற்றரில் வருமாறு கமெராவை வையுங்கள். லென்ஸின் நுனியிலிருந்தல்ல, மேற்தட்டில் வட்டத்தைக் கோடு வெட்டும் குறியிலிருந்து அளக்கவேண்டும். பிலிம் இருக்கும் தளம் அதுதான். எஃப் 2 இல் இந்தத் தூரத்துக்குத் தெளிவின் ஆழம் 5 சென்ரிமீற்றருக்கும் குறைவு. ஆகவே வியூஃபைண்டரில் நடுப்பெட்டிக்கு ஃபோகஸ் செய்தபின் கண்ணாடியில் கூர்மையாக நிற்பது எந்தப் பெட்டி என்பதில் சந்தேகமே வராது.

திருத்தக் கொடுக்கும்போது "மங்கலாக வருகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். முடிவிலியில் என்ன தெரிந்தது, 1 மீற்றரில் எத்தனையாவது பெட்டி கூர்மை, வளையம் எந்த எண்ணில் நின்றது என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கமெராவோடு கொடுங்கள்.